வெட்டப் போனான் எங்கப்பன்

ஈப்போ லாரிக்காரன் லயனலுக்குப் பாட்டு வந்தால் மூத்திரம் வந்த மாதிரி, அடக்க முடியாது. சிலிம் ரிவர் பக்கம் போகும்போது ரப்பர் எஸ்டேட்டில் பால் எடுக்கப் பால்மரம் வெட்டிய அப்பாவின் நினைவு வந்தது. "வெட்டப் போனான் எங்கப்பன்" என்று கைப்பேசியில் முனகிப் பதிந்துகொண்டான். எஸ்டேட்டில் வெட்டு என்றாலே மரவெட்டுதான், மரம் என்று தனியாகச் சொல்ல மாட்டார்கள். ஸ்டியரிங்கில் தாளம் தட்டியே மீதி வரிகளைக் கட்டி, சாப்பாட்டுக் கடையில் பாடிக் காட்டினான்.

அது அதே ஊர் ஷான் காதுக்குப் போனது. ஷானின் அப்பா ஆளை வெட்டி ஜெயிலில் இருப்பவர்.

லயனல் அந்தப் பாட்டை ஒலிப்பதிவு செய்ய வந்த நாளன்று ஷான் பாராங் கத்தியால் ஸ்டூடியோ கதவைப் பிளந்துகொண்டு வந்தான்.

"எங்கப்பன வச்சா பாட்டு கட்டுற?"

விட்ட குத்தில் லயனலின் முன்பல் பறந்தது. அலறல் பக்கத்து ஊர் லகாட் வரை கேட்டிருக்கும். அடுத்த வெட்டில் மேளம் கிழிந்தது.

"மரத்த லா மச்சான்! எங்கப்பா மரம் வெட்டுனாரு!"

ஓங்கிய கை நின்றது. "அப்ப மரம்னு போட வேண்டியதுதானே, மடையா!"

ஒலிப்பதிவு செய்யும் ட்ரேசி மேசைக்கடியிலிருந்து தலையை நீட்டினாள். "அவரு வாய ஒடச்சிட்டீங்க, இனி யாரு பாடுறது? நீங்களே பாடுங்கண்ணே."

ஷான் கத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "மரம் வெட்டப் போனான்" என்று தொடங்கினான். எருமை கிணற்றில் விழுந்த சத்தம். பல் போனதைப் பொறுத்த லயனலால் சுருதி போனதைப் பொறுக்க முடியவில்லை. மைக் கம்பியைத் தூக்கி அவன் மண்டையில் ஒன்று போட்டுச் சாய்த்தான். ரத்தத்தைத் துப்பிவிட்டு, ஷான் எழுந்திருப்பதற்குள் பாட்டை ஒரே மூச்சில் பாடி முடித்தான்.