புல்வெளிக்குள் இறங்காத அண்ணையும் நானும்

இந்த வலைப்பதிவில் இதுவரை பேருந்து ஏறிப் போன இடங்களைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன். இந்தப் பயணத்துக்குப் பேருந்து கிடையாது. யாழ்ப்பாணத்து இணுவிலில் எங்கள் வீட்டு முன்னறையில், ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தபடியே போய்வந்த தேசம் இது. மாசி மாதம் தொடங்கிப் பங்குனிக் கடைசிவரை, சனி ஞாயிறுகளில் காலை ஆறு மணிக்குப் புறப்பட்டு எட்டு மணிக்குத் திரும்புவோம். நாங்கள் என்றால் நானும், கனடாவில் இருக்கும் என் அண்ணையும். இங்கே விடியும் நேரம் அங்கே அவர் வேலை முடிந்து வந்து சாப்பிட்டுவிட்டு இருக்கும் நேரம்.

போன காரணத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அண்ணை பதினேழு வருடமாக ஊருக்கு வரவில்லை. மூன்று தரம் விமான ரிக்கற் போட்டு மூன்று தரமும் நிறுத்தினார். ஒருதரம் லீவு இல்லை, ஒருதரம் இடுப்பில் நாரிப்பிடிப்பு, மூன்றாம் தரம் காரணமே சொல்லவில்லை. இப்போது சித்திரைக்கு நாலாவது ரிக்கற் போட்டிருந்தார். அம்மாவுக்கு எழுபத்து நாலு வயதாகிவிட்டது. இந்த முறையும் நிறுத்தினால் இனி இந்த மனிதர் வரவே மாட்டார் என்று எனக்குப் பயம். வருகிற பேச்சை எடுத்தால் கதையை மாற்றிவிடுவார். ஆனால் அவர் விளையாடுகிற கணினி விளையாட்டைப் பற்றிக் கேட்டால் ஒரு மணித்தியாலம் நிறுத்தாமல் கதைப்பார். ஆளைப் பிடிக்க வேறு வழி தெரியாமல் நானும் அதற்குள் போனேன்.

விளையாட்டின் பெயர் வேண்டாம். வாளும் மந்திரமும் பறவைநாகங்களும் உள்ள ஒரு பெரிய கற்பனை நாடு. அதில் நமக்கு ஓர் உருவம் தருவார்கள். எந்த நாட்டில் இருந்தாலும் சேர்ந்து விளையாடலாம், எங்கே போவது, என்ன செய்வது எல்லாம் நம் விருப்பம். தள்ளுபடியில் ஏழாயிரத்து ஐந்நூறு ரூபா. யாழ்ப்பாண ரவுனில் பழைய கொன்ட்ரோலர் ஒன்று நாலாயிரம். எங்கள் வீட்டு இன்ரர்நெற்றில் இறக்கி முடிக்க ஒன்றரை நாள். அந்த ஒன்றரை நாளும் அம்மாவின் நாடகத் தொடர் தொலைபேசியில் ஓடவில்லை. அந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

முதல் அதிர்ச்சி அதன் பரப்பு. வரைபடத்தில் விரல்நக அகலம் தெரிந்த தூரத்தை நடந்து முடிக்க இருபத்திரண்டு நிமிடம் எடுத்தது. இணுவிலிலிருந்து சுன்னாகம் சந்தைக்கு நான் சைக்கிளில் அதற்குள் போய்விடுவேன். அப்படி அந்த வரைபடத்தில் எத்தனை நகம்! மழை பெய்கிறது, வெயில் எறிக்கிறது, ஆடுகள் மேய்கின்றன. நான் பார்க்காத இடத்திலும் அங்கே ஆட்கள் தங்கள்பாட்டில் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள் என்று அண்ணை சொன்னபோது எனக்கு உண்மையிலேயே தலை சுற்றியது.

இரண்டாவது அதிர்ச்சி நான் செய்த கொலை. முதல் ஊரில் ஒரு பாண்கடைக்காரர் சிரித்தபடி நின்றார். வணக்கம் சொல்லலாம் என்று ஒரு பொத்தானை அமத்தினேன். என் கையிலிருந்த கோடாலி அந்த மனிதரின் தலையில் இறங்கியது. நான் கத்திய கத்தில் அம்மா குசினியிலிருந்து ஓடிவந்துவிட்டா. ஊரே தடியும் வாளுமாகத் துரத்தியது. அண்ணை அங்கே சிரித்துச் சிரித்து இருமுவது என் காதில் மாட்டியிருந்த கருவியில் கேட்டது. அவர் அப்படிச் சிரித்துக் கேட்டு எவ்வளவு காலம்! அதற்காகவே இன்னொரு பாண்கடைக்காரரை அடிக்கலாம்போல இருந்தது.

இன்னொன்றையும் புதிதாகப் போகிறவர்கள் தெரிந்துகொள்ளுங்கள். அங்கே எந்த வீட்டுக்குள்ளும் கேட்காமல் போகலாம், பெட்டியைத் திறந்து இருப்பதை எடுக்கலாம். நான் முதல் நாள் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, யாராவது வந்து கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தேன். ஒருவரும் கூப்பிடவில்லை. எங்கள் பக்கத்தில் வெளியில் நின்று குரல் கொடுக்காமல் யார் வளவுக்குள் நுழைவார்? பிறகு பழகிவிட்டது. மூன்றாம் கிழமை நான் ஒரு பாதிரியார் வீட்டுக் கட்டிலுக்குக் கீழிருந்து வெள்ளிக் கரண்டி எடுத்தேன், கூச்சமே இல்லாமல்.

இப்படி ஐந்து கிழமை. நான் முன்னால், அண்ணை பின்னால். சிலவேளை அவர் முன்னால், நான் பின்னால். குதிரை இருந்தது, ஏறவில்லை. அவர் ஏறவில்லை, ஆகவே நானும் ஏறவில்லை. தெருவோடு நடந்தோம். அங்கே தெரு என்பது செம்பாட்டு வண்டிப்பாதை. இருபுறமும் இடுப்பளவு புல், பூ, தூரத்தில் மலை. அந்த அழகைப் பார்த்து எத்தனையோ தரம் வியந்தேன். அண்ணையும் அவ்வப்போது நின்று, வடிவாயிருக்கு என்பார். பிறகு நடப்போம்.

ஆறாம் கிழமை நாங்கள் ஒரு கோபுரத்துக்குப் போகவேண்டியிருந்தது. ஒரு பெரிய புல்வெளிக்கு அந்தப் பக்கம் கண்ணுக்கு நேரே நிற்கிறது. தெருவோ புல்வெளியைச் சுற்றி வளைந்து போகிறது. நாற்பது நிமிட நடை. நாங்கள் வாய்திறக்காமல் தெருவில் திரும்பினோம். அப்போது முன்பின் தெரியாத ஒருவன், எந்த நாட்டுக்காரனோ, குதிரையில் எங்களைக் கடந்தான். திரும்பி வந்தான். எங்களைச் சுற்றி இரண்டு தரம் ஓடிவிட்டு ஆங்கிலத்தில் எழுதினான்: நேற்றும் உங்கள் இருவரையும் இந்தத் தெருவில் கண்டேன், ஏன் எறும்புமாதிரிப் போகிறீர்கள், புல்லுக்குள்ளால் போனால் மூன்று நிமிடம்தானே. எழுதிவிட்டு அவன் புல்லுக்குள் பாய்ந்து போய்விட்டான்.

எனக்கு வெட்கமாக இருந்தது. அவன் சொன்னது சரிதானே என்று கொன்ட்ரோலரைத் திருப்பினேன். என் உருவத்தின் ஒரு கால் புல்லில் பட்டது.

"இறங்காதை," என்றார் அண்ணை.

அது விளையாட்டில் கதைக்கிற குரல் இல்லை. நான் கையை எடுத்துவிட்டேன். அவருடைய உருவம் என்னைக் கடந்து முன்னுக்கு வந்து தெரு நடுவில் நின்றது.

"என்ரை அடியிலை கால் வைச்சு வா. அங்காலை இங்காலை பாக்காதை."

நான் போனேன். இதைத்தான் இன்றைக்கும் என்னால் நம்ப முடியவில்லை. முப்பத்திரண்டு வயதுப் பெண் நான், பிளாஸ்ரிக் கதிரையில் இருந்துகொண்டு, கை வேர்க்க வேர்க்க, அவர் கால் பட்ட இடத்தில் என் கால் படும்படி கொன்ட்ரோலரின் சின்னக் குச்சியைத் தள்ளிக்கொண்டு போனேன். பத்துப் பன்னிரண்டு அடி போன பிறகுதான் எங்கே கேட்ட வசனம் அது என்று எனக்கு உறைத்தது.

சண்டை நின்றிருந்த சமாதான காலத்தில் அப்பா எங்களை அச்சுவேலிக்கு அங்காலே எங்கள் காணியைப் பார்க்கக் கூட்டிப்போனார். எனக்கு எட்டு ஒன்பது வயது, அண்ணைக்குப் பதினேழு. கயிறு கட்டிய ஒரு ஒற்றையடிப் பாதை. இருபுறமும் சிவப்புப் பலகைகள், அதில் மண்டையோடு, கீழே மிதிவெடி என்று எழுத்து. அப்பா முன்னால், அண்ணை நடுவில், நான் கடைசி. அண்ணை அன்றைக்கு இதே சொல்லைத்தான் சொன்னார், இதே குரலில்.

இந்த விளையாட்டின் வரைபடத்திலும் சில இடங்களில் சிவப்பு மண்டையோடு போட்டிருக்கும். அங்கேயுள்ள மிருகங்கள் உன்னைவிடப் பலமானவை என்பதற்கு மேல் அதற்கு அர்த்தம் கிடையாது. விளையாடுகிற பிள்ளைகள் அதைத் தேடிப் போவார்களாம். நாங்கள் இருவரும் ஐந்து கிழமை, ஒருவருக்கொருவர் ஒரு சொல் சொல்லாமல், அதைக் கண்ட இடமெல்லாம் விலகி, மிதிவெடிக்குப் பயந்து தார்த் தெருவைவிட்டு இறங்காத சனம்போலத் தெரு நடுவில் நடந்திருக்கிறோம். கனடாவில் ஒருவர், இணுவிலில் ஒருத்தி.

அண்ணைக்கும் அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும். பிறகு தானாகவே சொன்னார். லீவு, நாரி எல்லாம் சும்மா சொன்னதாம்.

"அங்கை வந்தா எங்கை கால் வைக்கிறது எண்டு எனக்குத் தெரியாது பிள்ளை. ரிக்கற் போட்ட நாளிலை இருந்து கனவிலை அந்தக் கயிறுதான் வருது."

பலகை எல்லாம் எப்போதோ எடுத்தாயிற்று, மண்ணைச் சல்லடை போட்டதுமாதிரிச் சோதித்துத்தான் காணியைத் தந்தார்கள், இப்போது அதில் வெங்காயம் விளைகிறது, நான் மாதம் ஒருதரம் போகிறேன் என்றெல்லாம் சொன்னேன். காணிக்குள்ளே போனாயா என்று கேட்டார். ஓம் என்றேன். போகிறேன்தானே! நாளைக்கே காட்டுகிறேன் என்றும் சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலை ஆறரைக்கு ஸ்கூட்டியில் புறப்பட்டேன். உரும்பிராய், புன்னாலைக்கட்டுவன் வழியாக என் மீற்றரில் பதினாலு கிலோமீற்றர், முப்பத்தைந்து நிமிடம். தெரு நல்ல தெரு. அச்சுவேலிச் சந்தையடியில் மட்டும் லொறிகள் நிற்கும், கவனம். காணியைக் குத்தகைக்குச் செய்கிற தவமக்கா ஏற்கெனவே வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டு நின்றா. வீடியோ அழைப்பில் அண்ணையை எடுத்தேன். பின்பக்கக் கமராவைத் திருப்பி, இந்தா பாருங்கோ என்றபடி ஸ்கூட்டியை விட்டு இறங்கினேன்.

தார் முடிகிற இடத்தில் என் கால் நின்றுவிட்டது.

நான் நிறுத்தவில்லை, அது நின்றது. அப்போதுதான் திகைத்துப்போய் யோசித்தேன். ஆறு வருடமாக மாதம் ஒருதரம் வந்திருக்கிறேன். தவமக்கா வெங்காயப் பிடியைக் கொண்டுவந்து தெருவில் தருவா. உள்ளே வரும்படி கேட்பா. சேறு என்பேன், நேரம் போச்சு என்பேன், நல்ல செருப்பு என்பேன். வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவேன். ஒரு நாள்கூட, ஒரு அடிகூட, நான் உள்ளே வைத்ததில்லை. பயணி என்று பெயர் போட்டு எழுதுகிறவள் நான். என் பதிவுகளை எல்லாம் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். வன்னி, மன்னார், மட்டக்களப்பு, எல்லா இடத்திலும் தார்த் தெரு, சீமெந்துத் தரை, கடற்கரையென்றால் நாலு பேர் நடந்த தடம். நீங்களும் வாசித்தீர்கள், ஒருவரும் கேட்கவில்லை.

தொலைபேசியில் அண்ணை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

தவமக்கா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கூப்பிட்டா. "ஏன் பிள்ளை அங்கையே நிக்கிறீர்? செருப்பைக் கழட்டிப்போட்டு வரம்பாலை வாரும். வெங்காயத்தை மட்டும் மிதிச்சுப்போடாதையும்."

அந்த மனுசிக்கு அந்த மண்ணில் இருந்த ஒரே கவலை வெங்காயம். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. செருப்பைக் கழற்றினேன். முதல் அடி வைத்தபோது கண்ணை மூடிக்கொண்டேன், பொய் சொல்லவில்லை. மண் குளிர்ந்து, கால்விரல்களுக்கிடையில் பிதுங்கி வந்தது.

"நிலத்தைக் காட்டு," என்றார் அண்ணை. காட்டினேன். "கிணத்தடிக்குப் போ." போனேன். பழைய வீட்டின் அத்திவாரக் கல்லில் தவமக்கா சாக்குக் காயப்போட்டிருந்தா. அதையும் காட்டினேன். அண்ணை அழைப்பைத் துண்டித்துவிட்டார்.

அந்தக் கிழமை முழுக்க அவரிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. காரியத்தைக் கெடுத்துவிட்டேன், இனி ரிக்கற்றை நிறுத்திவிட்டார் என்ற செய்திதான் வரும் என்று நினைத்தேன். சனிக்கிழமை ஆறு மணிக்கு விளையாட்டைத் திறந்தேன். வழக்கமாகச் சந்திக்கும் சத்திரத்தில் அவர் இல்லை. வரைபடத்தில் அவருடைய புள்ளி அந்தப் பெரிய புல்வெளிக்கு நட்ட நடுவில், சிவப்பு மண்டையோட்டுக்குப் பக்கத்தில் நின்றது.

ஓடினேன். புல் இடுப்புவரை வந்தது. அவர் அசையாமல் நின்றார். நான் பக்கத்தில் போய் நின்று அரை நிமிடம் இருக்காது, புல்லுக்குள்ளிருந்து எருமை அளவு ஓநாய் ஒன்று கிளம்பி, முதலில் என்னையும் பிறகு அவரையும் கொன்றது. திரை கறுத்தது. பிறகு இருவரும் சத்திரத்துக் கட்டிலில், காயம் ஒன்றும் இல்லாமல் எழும்பினோம். அண்ணை அன்றைக்கும் இருமுகிற அளவுக்குச் சிரித்தார்.

இந்த விளையாட்டுக்குள் போக நினைக்கிறவர்களுக்கு: குதிரையில் ஏறுங்கள், பாண்கடைக்காரரிடம் பேசுமுன் ஆயுதத்தை உறைக்குள் வையுங்கள், மண்டையோட்டுக்குப் பயப்படாதீர்கள், அங்கே செத்தால் எழும்பலாம். எங்கள் பக்கம் வர நினைக்கிறவர்களுக்கு: தென்மராட்சியைத் தாண்டிச் சில இடங்களில் வெடி அகற்றும் வேலை இன்னும் நடக்கிறது, சிவப்புப் பலகை கண்டால் ஒரு அடியும் வைக்காதீர்கள். மற்ற இடங்களில் தோட்டக்காரரைக் கேட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு இறங்குங்கள். மிதிக்கக் கூடாதது என்ன என்று அவர்கள் சொல்வார்கள். பங்குனியில் வெயில் ஏறுமுன், ஏழு மணிக்குள் போய்விடுவது நல்லது.

ரிக்கற்றைப் பற்றி அன்றைக்கு நான் கேட்கவில்லை. கேட்கப் பயம். மூன்று தரமும் அவர் வருகிறார் என்று அம்மாவுக்குச் சொன்னதும் நான்தான், வரவில்லை என்று சொன்னதும் நான்தான். விளையாட்டை மூடப் போனபோது அண்ணை, கொஞ்சம் நில்லு, என்றார்.

"இந்தமுறை அம்மாட்டை நீ சொல்லாதை. நான் சொல்லுறன்."

நான் காதிலிருந்து கருவியைக் கழற்றினேன். குசினிக்குள் அம்மாவின் தொலைபேசி அடிக்கத் தொடங்கியது.