மைக் செட் கபாலியின் நாலு பெட்டி

“ஒரே பொட்டியா வெச்சா அது ஒரு பேஜாரு. நாலு பொட்டியா வெச்சா நாலு பேஜாரு. ரெண்டுதான் பாய் கரெக்ட்டு. ரெண்டு பொட்டி வெச்சவன் நிம்மதியா டீ குடிப்பான்.”

இதை யாரும் கபாலியிடம் கேட்கவில்லை. டீக்கடை ஷரஃபுதீன் கேட்டதெல்லாம் சர்க்கரை இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்பதுதான்.

“அப்போ சக்கர?”

“போடு. இன்னிக்கி எம்பேத்திக்கு பேர் வெக்கிறாங்க. தூக்கலாவே போடு.”

“அத்தத்தான் மூணு மாசமா சொல்லிக்கினு கீறியே நைனா. அந்தக் கொயந்த கொட்டாவி வுட்டது கச்சேரி ரோடு பூரா தெரியும்.”

கபாலிக்கு அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. மயிலாப்பூர் பக்கம் கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, கட்சி மீட்டிங், சாவு எதுவானாலும் மைக் செட் கட்டுகிறவர் அவர். ஒரு ஆம்ப்ளிஃபயர், ஒரு ரெக்கார்டு பிளேயர், ஒரு மைக், இரண்டு குழாய் ஸ்பீக்கர் இருந்தன. அடுத்தவர் வீட்டு நல்லது கெட்டதை ஊருக்கே கேட்கும்படி சொல்லிச் சொல்லி, தன் வீட்டுச் சேதியையும் மெல்லச் சொல்ல வராமல் போய்விட்டது. படிப்பு நாலாங்கிளாஸோடு சரி. “நான் இஸ்கூல வுடல, இஸ்கூலுதான் என்னிய வுட்டுது” என்று அவரே சொல்வார்.

அவருக்கு இந்த ஜென்மத்தில் மிச்சம் இருந்த ஆசை ஒன்றுதான். பேத்தியின் பேர் முதன்முதலாகத் தன் குழாயில் ஒலிக்கவேண்டும். அடுத்தவர் பேரன் பேத்திகளின் பேரையெல்லாம் சொன்ன குழாய்க்கு, சொந்தப் பேத்தியின் பேரைச் சொல்ல மட்டும் அனுமதி வாங்கவேண்டியிருந்தது. காரணம் சம்பந்தி துரைராஜ். துரைராஜ் பேரிலும் தப்பு இல்லை. தப்பெல்லாம் பெட்டியில்.

முதலில் கபாலியிடம் இருந்தது ஒரே ஒரு பெரிய தகரப் பெட்டி. உள்ளே பலகை வைத்துத் தடுத்து நாலு அறை. சாமி பாட்டு ஒன்றில், கல்யாணப் பாட்டு ஒன்றில், கட்சிப் பாட்டு ஒன்றில், சாவு வீட்டுத் தத்துவப் பாட்டு ஒன்றில். மூணு சக்கர சைக்கிள் வண்டியின் மடிக்குள் அளவெடுத்தமாதிரி உட்காரும். கல்யாண வீட்டில் ஒரு கிழவி முருகன் பாட்டு கேட்டால் பக்கத்து அறையில் கையை விட்டால் போதும். அந்தக் காலத்தில் அவர் அந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டுத் தன்னைப் பார்த்துக்கொண்டு, ‘உனக்கு மூளை கீதுடா கபாலி’ என்று சொல்லிக்கொள்வது உண்டு.

அந்த மூளைக்கு முதல் அடி ஒரு முகூர்த்த நாளில் விழுந்தது. தி.நகரில் ஒரு கல்யாணம், சாந்தோமில் ஒரு காதுகுத்து, இரண்டும் ஒரே காலையில். வாடகைக்கு இன்னொரு ஆம்ப்ளிஃபயர் பிடித்து, மச்சான் பொன்ராஜை சாந்தோமுக்கு அனுப்பிவிட்டார். செட்டு இரண்டு ஆயிற்று, பெட்டி ஒன்றுதானே? அது தி.நகரில் இருந்தது. பொன்ராஜ் சாந்தோமில் குழந்தைக்குக் காது குத்தி, கம்மல் போட்டு, சாப்பாடு முடிகிறவரை “மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ” என்றே சொல்லிக்கொண்டிருந்தான். இன்றைக்கும் அந்தத் தெருவில் அவனை ஒன் டூ த்ரீ என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

இரண்டாவது அடி வெயிலில் விழுந்தது. பாண்டி பஜாரில் வண்டியை நிறுத்திவிட்டுக் கபாலி நாஷ்டா பண்ணப் போனார். இட்லி நன்றாக இருந்தது. இன்னும் இரண்டு சொன்னார். திரும்பி வந்து பெட்டியைத் திறந்தால் ரெக்கார்டெல்லாம் பொரித்த அப்பளம்போல நெளிந்து கிடந்தது. சாமி, மாப்பிள்ளை, தலைவர், பிணம் எல்லாருக்கும் ஒரே கதி.

“ஒரே பொட்டில போட்டா ஒரே அடியா போவும்” என்று மனைவி தங்கம் சொன்னாள். கபாலி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். யார் எது சொன்னாலும் பாதியை மட்டும் பிடித்துக்கொள்வது அவர் வழக்கம்.

நாலு சின்னப் பெட்டி செய்தார். எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் முகூர்த்தம் போய்விடும் என்பதால் வர்ணம் அடித்தார். சாமிக்குச் சிவப்பு, கல்யாணத்துக்கு மஞ்சள், கட்சிக்குப் பச்சை, சாவுக்குக் கறுப்பு. எந்த வீட்டுக்குப் போகிறோமோ அந்தப் பெட்டியை மட்டும் எடுத்தால் போதும். வண்டி லேசாயிற்று. கபாலி மறுபடியும் தன் மூளையைப் பாராட்டிக்கொண்டார்.

ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. நாகஸ்வர ரெக்கார்டு ஒன்றுதான் இருந்தது, ஆனால் அது எல்லா வீட்டுக்கும் வேண்டும். கோயிலுக்கும் அதுதான் முதல் பாட்டு, மீட்டிங்குக்கும் அதுதான். மேளக்காரர் வைக்க வசதியில்லாத கல்யாணத்தில் தாலி கட்டும்போது கெட்டிமேளமும் அதுவேதான். அந்த ரெக்கார்டு வாடகை வீட்டுக்காரன் மாதிரி பெட்டி விட்டுப் பெட்டி குடிபோய்க்கொண்டிருந்தது.

எழுபதாம் வருஷம் தை மாசம் மகள் ஜெயபாரதிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை, அடையாறில் சைக்கிள் கடை வைத்திருக்கும் துரைராஜின் மகன். துரைராஜ் மேளம் பேசலாமா என்றார்.

“மோளக்காரன் எதுக்கு சம்பந்தி? மைக் செட்டுக்காரன் வூட்டுக் கல்யாணம். எங்கிட்ட இல்லாத மோளமா?” என்றார் கபாலி. அந்த வாயை இப்போது நினைத்தாலும் அவருக்கு ஒரு அறை விடலாம்போல இருக்கும்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாந்தோம் குப்பத்தில் ஒரு பெரியவர் போய்விட்டார். பேரன், கொள்ளுப் பேரன் எல்லாம் பார்த்துவிட்டுப் போனவர். கல்யாணச் சாவு. மாலையும் மேளமுமாக ஜோராக அனுப்பவேண்டும் என்று பிள்ளைகள் நின்றார்கள். கபாலி மஞ்சள் பெட்டியிலிருந்து நாகஸ்வர ரெக்கார்டை எடுத்துக் கறுப்புப் பெட்டியில் போட்டுக்கொண்டு போனார். பெரியவர் ஜோராகப் போனார். ரெக்கார்டு கறுப்புப் பெட்டியிலேயே தங்கிவிட்டது.

மறுநாள் வீட்டுக்குப் பக்கத்துத் தெருச் சத்திரத்தில், தாலியைத் தட்டில் வைத்துச் சுற்றிக்கொண்டு வரும்போதுதான் கபாலி மஞ்சள் பெட்டியைத் துழாவினார். இல்லை.

“டேய் பொன்ராஜு, சைக்கிள எடு. வூட்ல கறுப்புப் பொட்டில கீது. ஜல்தியா எடுத்தா. கை படாம எடுத்தா, கீறல் வுழுந்துடும்.”

கை படாமல் எப்படி எடுப்பது என்று யோசித்த பொன்ராஜ், கறுப்புப் பெட்டியையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். ஐயர் கையைத் தூக்கிவிட்டார். மாப்பிள்ளை தாலியைப் பிடித்துவிட்டான். கபாலி பெட்டிக்குள் கையை விட்டு, உறையைக்கூடப் பார்க்காமல் ஒன்றை உருவி வைத்து முள்ளை இறக்கினார்.

குழாயில் கெட்டிமேளம் வரவில்லை. இந்த உடம்பு மண்ணுக்குத்தான் போகும், சேர்த்து வைத்து என்ன புண்ணியம் என்று ஒருவர் உருகி உருகிப் பாட ஆரம்பித்தார். சத்திரத்தில் இருந்தவர்கள் எல்லாரும் அட்சதைக் கையோடு சிலையாகிவிட்டார்கள். கபாலி பதறிப்போய்ச் சத்தத்தைக் குறைத்தார். குறைப்பதாக நினைத்துத் திருகியது கூட்டுகிற பக்கம். தெருமுனை வரைக்கும் கேட்டது. ரோட்டில் போன ஒரு பெரிய மனுஷர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டுப் போனதாகச் சேதி.

அதற்கப்புறம் துரைராஜ் சம்பந்தியைப் பார்க்கிறபோதெல்லாம் ஒன்றே ஒன்றுதான் கேட்பார். “இன்னா சம்பந்தி, கையில பொட்டி ஒண்ணும் இல்லியே?”

ஜெயபாரதிக்குத் தலைப்பிரசவம் மயிலாப்பூரில்தான் நடந்தது. மூணாம் மாசம் பிள்ளையை அடையாறுக்குக் கூட்டிப் போய், அங்கே தொட்டில் போட்டுப் பேர் வைப்பது துரைராஜ் வீட்டு வழக்கம். நாள் குறிக்கப் போன இடத்தில் கபாலி மெல்லப் பேச்சை எடுத்தார்.

“சம்பந்தி, அன்னிக்கி ஒரு சின்ன செட்டு கட்டலாம்னு...”

“சம்பந்தி, நீ வா. குந்து. சாப்டு. கொயந்தைய மடியில வெச்சிக்கோ. பொட்டி மட்டும் வோணாம்.”

“அது அன்னிக்கி அவசரத்துல...”

“தாலி கட்றப்போ மண்ணுக்கு அனுப்புன. தொட்டில் போடறப்போ எங்க அனுப்புவ? சொல்லு, நான் தெரிஞ்சிக்கிறேன்.”

துரைராஜ் இடத்தில் இருந்திருந்தால் தானும் இதைத்தான் கேட்டிருப்போம் என்று கபாலிக்குத் தெரியும். ஜெயபாரதிதான் மாமனார் பக்கம் திரும்பினாள்.

“மாமா, எங்கப்பா குழாயில இல்லாம எம்பொண்ணு பேர வேற எதுல சொல்றது? ஒரு தபா வுடுங்க. அந்தக் கறுப்பு மட்டும் வராது. நான் ஜவாப்பு.”

துரைராஜ் மீசையை நீவிக்கொண்டார். “செரி. கறுப்புப் பொட்டி எம்படிய மிதிச்சுதுன்னா, உங்கப்பன் குழாய கேணியில போட்டுடுவேன். சொல்ட்டேன்.”

வீட்டுக்கு வந்ததும் கபாலி பெட்டி நாலையும் கூடத்தில் பரப்பிவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மறுபடி எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டால் கறுப்பும் கூடவே வரும். நாலாகவே இருந்தால் நாகஸ்வரம் எங்கே இருக்கும் என்று அந்தச் சாமிக்கே தெரியாது. ஒன்றா நாலா, ஒன்றா நாலா என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். அடுப்படியிலிருந்து தங்கம் எட்டிப்பார்த்தாள்.

“இன்னாய்யா அது, பள்ளிக்கூடம் போவாத கணக்க இப்போ போட்டுக்கினு கீற?”

சொன்னார். அவள் கரண்டியை நீட்டினாள். “தோ, கடுகு, மொளகு, சீரகம், வெந்தயம் எல்லாம் ஒரே அஞ்சறைப் பொட்டில கீது. ஏன்? தாளிக்கிறப்போ எல்லாம் ஒண்ணா வோணும். மூட்டப்பூச்சி மருந்தையும் அதுலயா வெச்சிக்கினு கீறேன்?”

இத்தனை வருஷமாக அந்த அஞ்சறைப் பெட்டியில் தாளித்ததைத்தான் தின்றுகொண்டிருந்தோம், ஆனால் தின்றதெல்லாம் வயிற்றுக்குத்தான் போயிருக்கிறது என்று கபாலிக்குத் தோன்றியது.

சாமியும் கல்யாணமும் கட்சியும், மஞ்சள் அடித்த பழைய பெரிய பெட்டிக்குள் அறை அறையாகப் போயின. அவை ஒன்றையொன்று கேட்கிற சாதி. கறுப்பு மட்டும் தனி. நாகஸ்வரம் இனி குடிபோகவே வேண்டாம் என்று மூர் மார்க்கெட்டில் அலைந்து அதே ரெக்கார்டு இன்னொன்று பிடித்தார். பெட்டிக்கு ஒன்று. பேர் வைக்கிற நாள் காலையில் கறுப்புப் பெட்டிக்குப் பூட்டுப் போட்டு, கட்டிலுக்கு அடியில் தள்ளி, அதன்மேல் கோணிச்சாக்கைப் போட்டார். சாவியைத் தங்கத்திடம் கொடுத்தார். ஷரஃபுதீனிடம் டீ குடித்து, யாரும் கேட்காத தத்துவத்தைச் சொல்லிவிட்டு, பொன்ராஜ் வண்டி மிதிக்க, ஆற்றுப் பாலம் தாண்டி அடையாறு போய்ச் சேர்ந்தார்.

துரைராஜ் வாசலிலேயே நின்றார். வண்டியைச் சுற்றி வந்தார். குனிந்து அடியில் பார்த்தார். “ஒண்ணுதான் கீது. மஞ்சளு. செரி, உள்ள வா.”

குழாய் இரண்டும் வேப்பமரத்தில் ஏறின. கபாலி நாகஸ்வர ரெக்கார்டை எடுத்தார். உறையைப் பார்த்தார், ஜெயபாரதியை விட்டுப் படிக்கச் சொன்னார், பொன்ராஜை விட்டும் படிக்கச் சொன்னார். அதுவேதான். தட்டில் வைத்தார். முள்ளைப் பொருத்துவதற்காக, பாடி முடித்ததும் அதைக் கழற்றிப் போட்டுவைக்கிற டப்பாவைத் தேடினார்.

மஞ்சள் பெட்டியில் இல்லை. சட்டைப் பையில் இல்லை. வண்டியில் இல்லை. எல்லா ரெக்கார்டுக்கும் இடம் பார்த்துக் குடிவைத்தவர், எல்லாவற்றுக்கும் பொதுவான முள் டப்பாவுக்கு மட்டும் வீடு கொடுக்கவில்லை. கடைசியாக வெளியே போன பெட்டியில் அது தங்கியிருந்தது. கடைசியாகப் போனது கறுப்பு.

“மாமா, நான் போயி எடுத்தாரட்டா?” என்றான் பொன்ராஜ்.

“வோணாம்டா. போன தபா நீ எடுத்தாந்ததே போதும்.”

உள்ளே தொட்டில் பாட்டு பாடி முடித்துவிட்டார்கள். துரைராஜ் குழந்தையின் காதில் மூன்று தடவை பேரைச் சொல்லிவிட்டு வெளியே வந்தார். ஊமையாக நின்ற பிளேயரைப் பார்த்தார். சம்பந்தியின் முகத்தைப் பார்த்தார்.

“இன்னா சம்பந்தி, பாட்டக் காணோம்?”

“முள்ளு...” என்றார் கபாலி. “முள்ளு அந்தப் பொட்டில...”

திட்டு விழும் என்று கழுத்தைச் சுருக்கிக்கொண்டார். துரைராஜ் மீசைக்குள் எதையோ மென்றார். “மைக்காவது பேசுமா?”

“பேசும்.”

“அப்போ பேரச் சொல்லு. எங்கம்மா பேரு. ஒயுங்கா சொல்லு.”

கபாலி மைக்கைப் பிடித்தார். எத்தனையோ பேரைச் சொன்ன வாய் பழைய பழக்கத்துக்கே போயிற்று. “மைக் டெஸ்டிங், ஒன் டூ...” என்று தொடங்கி, தெருவே சிரிக்க, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “எம்பேத்தி... எங்க சம்பந்தி பேத்தி... பேரு மரகதம்” என்றார். வேப்பமரத்துக் காக்கையெல்லாம் எழும்பிப் பறந்தன. ஜெயபாரதி குழந்தையைக் கொண்டுவந்து அப்பாவின் கையில் போட்டாள். மரகதம் தாத்தாவைப் பார்த்தாள், மைக்கைப் பார்த்தாள், வாயை அகலத் திறந்து வீறிட்டாள். இரண்டு குழாயும் சேர்ந்து அதை அடையாறு முழுக்கக் கொண்டுபோயின. பஸ்ஸுக்கு நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

துரைராஜ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கல்யாணத்துக்குப் பிறகு கபாலி முன்னால் அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. “யோவ் சம்பந்தி, இந்த ரெக்கார்ட எந்தப் பொட்டில வெச்சிருந்த?”

கபாலி குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டார். மைக்கை அணைக்க மறந்துவிட்டார்.

“எங்கிட்ட கீறதுலயே முள்ளு இல்லாம பாடறது இது ஒண்ணுதான் சம்பந்தி. இதுக்கு இன்னும் பொட்டி செய்யல.”