வெயிலில் அடைத்த தோட்டா

சென்ற மாதம் கிணறு இறைத்தபோது சேற்றோடு மேலே வந்தன, துருப்பிடித்த இரண்டு பூட்டுத் திறப்புகளும் அவற்றோடு கோத்திருந்த ஒரு வெற்றுத் தோட்டாவும். கிணற்றுக்குள் இறங்கி நின்றவர் அதை எடுத்து வாளியில் போடவே பயந்தார். "அண்ணை, பொலிசுக்குச் சொல்லுவமோ?" என்று கீழேயிருந்து கத்தினார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அன்று முழுவதும் ஒரு வேலையும் ஓடவில்லை.

அது என் அக்காவின் கணவர், கனடாவிலிருக்கும் அத்தான் கொண்டுவந்தது. இங்கே அரியாலையில் பிறந்தவர், அங்கே போய் முறைப்படி அனுமதி எடுத்து மான் வேட்டைக்காரரானார். சுட்ட தோட்டாவைச் சேர்த்துவைத்து, தானே மருந்து அடைத்துப் புதுக் குண்டு பொருத்துவார். சில வருடங்களுக்கு முன் ஒரு சித்திரையில் வந்தவர் திறப்பை மேசையில் வைத்தார். அதில் தொங்கிய தோட்டாவை அம்மா கண்டார். எடுத்துப்போய்க் கிணற்றில் போட்டுவிட்டு வந்து தேத்தண்ணீர் ஊற்றினார். ஆமி தேடுதலுக்கு வந்த காலத்தில் இந்த வீட்டு வளவில் அப்படித்தான், வீட்டில் இருக்கக்கூடாதது எதுவும் கிணற்றுக்குள் போகும். இந்த முறை கனடா வீட்டுத் திறப்பும் சேர்ந்து போய்விட்டது.

அத்தான் கோபிக்கவில்லை. அந்தத் தோட்டாவை ஏன் கூடவே கொண்டு திரிந்தார் என்பதை அப்போதுதான் சொன்னார். கோயில் வெடியை வெயிலில் காயவைத்து வெடிக்கிற ஊர்க்காரர் அல்லவா? கொளுத்தும் கோடை நாளாகப் பார்த்து மருந்தை அளந்து அடைத்து, அந்த வெயிலிலேயே சுட்டுப் பார்த்துக் குறியையும் சரிசெய்து வைத்திருக்கிறார். வேட்டைக்குப் போனதோ உறைபனியில். குளிரில் மருந்தின் வேகம் தணியும், தூரம் போகப் போகக் குண்டு கீழே பதியும். மானின் நெஞ்சுக்குப் பார்த்த குறி முன்னங்காலில் பட்டது. அன்று சுட்ட தோட்டாதான் அது.

"நான் நாலு சட்டை போட்டுக்கொண்டு நிண்டனான். மருந்துக்கும் குளிரும் எண்டு யோசிக்கேல்லை," என்றார்.

பனியில் இரத்தத்தைப் பார்த்துப் பார்த்து நடந்திருக்கிறார். ஓர் ஓடையோடு தடம் நின்றுவிட்டது.

"அப்ப, செத்ததை ஒருத்தரும் காணேல்லையோ?" என்று அம்மா கேட்டார்.

"இல்லை மாமி."

"அப்ப அது உயிரோடைதான் இருக்கும்."

சண்டையின் கடைசி நாட்களில் என் அண்ணையும் காலில் காயத்தோடு நொண்டி நடந்து போனதாகத்தான் கண்டவர்கள் சொன்னார்கள். அதற்கப்பால் எங்களுக்கு ஒரு செய்தியும் இல்லை.

அத்தான் திரும்பிப் போன பிறகு, தொலைபேசி வந்தால் அம்மா பேரப்பிள்ளைகளைக் கேட்குமுன் மானைக் கேட்பார். எனக்கு எரிச்சல் வரும். "காட்டிலை எத்தினை மான் அம்மா!" என்பேன். அவர் காதில் அது விழாது. "இன்னும் காணேல்லை மாமி" என்று அத்தானும் சலிக்காமல் சொல்லுவார். ஒரு மாரிகாலத்தில் அம்மா படுத்த படுக்கையானார். அப்போதும் கேட்டார். "ஓம் மாமி, கண்டனான். நொண்டுது, ஆனால் நல்லாய் இருக்கு," என்றார் அத்தான். அன்று அம்மா கஞ்சி கேட்டு வாங்கிக் குடித்தார். அதன் பிறகு அதிக நாள் இருக்கவில்லை.

அது பொய்தான் என்று எனக்கு அப்போதே பட்டது. இத்தனை காலமும் அதை அத்தானிடம் கேட்டதில்லை. இனிக் கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

களிம்பு படிந்த தோட்டாவைக் கழுவிக் கையில் வைத்துக்கொண்டு, கிணற்றுக்கட்டடியில் நின்றபடியே அவருக்கு அழைப்பு எடுத்து, அது கிடைத்ததைச் சொன்னேன்.

"அதை ஏன் வைச்சிருக்கிறாய், திருப்பி உள்ளுக்கை போடு," என்றார். அந்தப் பொய்யைப் பற்றித்தான் கேட்க வாயெடுத்தேன். வந்தது வேறு.

"மான் எப்பிடி இருக்கு, அத்தான்?"



"நடக்குது தம்பி," என்றார்.

தோட்டாவைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.