தவிட்டு மூட்டை காட்டிய கணக்கு

ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். நாலு பேர் கூடினால் கதவுக்குப் பின்னால் போய் நிற்கிற சுபாவம். அப்படிப்பட்டவள் எழுத வந்ததைப் படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அதிலும் குத்துச்சண்டையைப் பற்றி.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அம்மாவின் தம்பியான என் மாமா, சூலியா தெரு அரிசிக்கடையில் நிறுவைக்காரர். ஆறடி உயரம். கேளிக்கைப் பூங்காவின் குத்துச்சண்டை மேடையில் சனிக்கிழமைதோறும் சண்டை போடுவார். அதுவரை தோற்றதில்லை. ஒருநாள் சிங்கப்பூரிலிருந்து அழைப்பு வந்தது. உலகச் சாம்பியனோடு மோதித் தோற்ற வெள்ளைக்காரன் ஒருவன் கப்பலில் வருகிறானாம். அவனோடு மோத ஒரு கனத்த ஆள் வேண்டுமாம். மாமா தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். நான் வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டேன்.

அம்மா மூன்று நாள் மாமாவோடு பேசவில்லை. அப்பா பேசினார். அவர் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்.

“மாப்ளே, அவன் அடிச்சா தாங்குவியா?”

“அந்தக் காலத்துச் சாம்பியனை எதிர்த்தவனுங்கதான் மச்சான் அடிக்கிறவனுங்க. கொல்லன், சுரங்கத்துல வெட்டினவன், உங்கள மாதிரி மூட்டை தூக்கினவன். இப்ப உள்ளவனுங்க பாலும் முட்டையும் குடிச்சிட்டு வர்றவனுங்க. பூ மாதிரி அடி.”

“பாலும் முட்டையும் உள்ள போனா அடி கூடுமா, குறையுமா?”

ஒரு வாரம் இதே வழக்கு. அப்பா தம் காலத்தை மட்டம் தட்டினார்; மாமா தம் காலத்தை மட்டம் தட்டினார். கடைசியில் மாமாதான் வழி சொன்னார். கடையின் முள் தராசுக் கொக்கியில் தவிட்டு மூட்டையைத் தொங்கவிட்டு இருவரும் ஆளுக்கு ஒரு குத்து விடுவது. அப்பாவின் குத்து பழைய ஆட்களுக்கு. மாமாவின் குத்து இந்தக் காலத்து ஆட்களுக்கு. பழையது பெரிதானால் பயணம். புதியது பெரிதானால் பயணம் இல்லை. கீழ்நோக்கி இழுக்கும் எடையை மட்டும் காட்டும் தராசு, பக்கவாட்டில் விழும் அடியை எப்படி அளக்கும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

ஞாயிறு மதியம் கடை பூட்டியிருந்தது. சாவி மாமாவிடம். முள்ளைப் பார்க்கும் வேலை எனக்கு, கணக்கில் முதல் மார்க் வாங்குபவள் என்பதால். சும்மா தொங்கும்போது அறுபது ராத்தல்.

அப்பா முதலில் அடித்தார். அதை அடி என்று சொல்ல முடியாது. கதவைத் தட்டியதுபோல இருந்தது. முள் அறுபத்திரண்டைத் தொட்டுத் திரும்பியது. கள்ளத்தனம் எனக்கே புரிந்தது. “அப்பா ஏமாத்துறாரு!” என்றேன்.

“வயசாச்சும்மா” என்றார் அப்பா, கையை உதறிக்கொண்டு.

நான் மாமாவிடம் ஓடி அவர் காதில் சொன்னேன்: “மாமா, தொட்டா போதும். தொட்டுட்டு விட்டுடுங்க.”

மாமா சிரித்தார். என் கன்னத்தைத் தட்டினார். அந்த உள்ளங்கை ஐஸ்கட்டி மாதிரி சில்லென்று இருந்தது. பிறகு இரண்டடி பின்வாங்கி, பூங்காவில்கூட நான் பார்த்திராத ஒரு குத்து விட்டார். முள் கடைசி எண்ணில் போய் இடித்தது. மூட்டையின் தையல் பிரிந்து எங்கள் மூவர் தலையிலும் தவிடு கொட்டியது.

“என்ன செய்றது மச்சான்” என்றார் மாமா, மீசையிலிருந்த தவிட்டைத் துடைத்தபடி. “இந்தக் காலத்து அடி பெரிசாத்தான் இருக்கு. பந்தயம்னா பந்தயம். பயணம் இல்ல.”

அப்பா மாமாவின் தோளில் கை போட்டு, சற்று நேரம் எடுக்காமல் நின்றார்.

நான் வழியெல்லாம் அழுதேன். இத்தனை பெரிய மனிதருக்கு மெதுவாக அடிக்கத் தெரியவில்லையே என்று கோபம். வெகுகாலம் அவரை முட்டாள் என்றே நினைத்திருந்தேன். அந்தக் கை ஏன் அப்படிக் குளிர்ந்திருந்தது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை. மாமா ஏழு மணிக்குக் கடை திறந்து, கோணி ஊசியால் மூட்டையைத் தைத்தார். நிறுத்துப் பார்த்ததில் ஐம்பத்தேழு ராத்தல் இருந்தது.