மூன்றாவது மிதி

அம்மையப்பனைப் பற்றி முதலில் சொல்லவேண்டியது, அவர் எதையும் தட்டாமல் தொடமாட்டார் என்பதுதான். அபுதாபியின் ருவைஸில் என் கடைக்கு வருவார். கல்லாவுக்குப் பின்னால் நான் முழு ஆளாக நிற்பது அவருக்குக் கண்ணால் தெரியும். ஆனாலும் மேஜையை இரண்டு தட்டுத் தட்டி, நான் "ம்" என்று சொன்ன பிறகுதான் டீ கேட்பார். "ஏன்யா, நான் செத்தா போயிட்டேன்?" என்று ஒருநாள் எரிந்து விழுந்தேன். அவர் சிரிக்கவில்லை. "கேட்டுக்கிறது நல்லதுதானே பாய்" என்றார்.

நான் காதர் மைதீன். சொந்த ஊர் காயல்பட்டினம். லேபர் கேம்ப் வாசலில் டீக்கடையும் மளிகையும் வைத்துப் பிழைக்கிறேன். வாய் கொஞ்சம் நீளம், பொறுமை கொஞ்சம் குறைவு. பேய் பிசாசுக் கதைகளோடு கடைக்கு வருகிறவனிடம் டீக்குக் காசை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவேன். அப்படிப்பட்டவன்தான் இதைச் சொல்கிறேன்.

அம்மையப்பன் அறந்தாங்கிப் பக்கத்துக்காரர். ஊரில் நாகவள்ளி என்று மனைவி, கட்டிக்கொடுத்த ஒரு பெண். வேலை ஹோல் வாட்ச். பெரிய இரும்புத் தொட்டிகளைச் சுத்தம் செய்ய ஆள் உள்ளே இறங்கும்போது, வாசலில் நின்று அவன் உயிரோடு இருக்கிறானா என்று பார்த்துக்கொள்ளும் வேலை. தொட்டிக்குள் தடுப்புத் தகடுகள் இருப்பதால் ஆள் கண்ணுக்குத் தெரியமாட்டான். வாக்கி-டாக்கி இரும்புக்குள் கரகரவென்று உயிரை விடும். அதனால் வெளியிலிருந்து ஸ்பேனரால் தட்டுவார். உள்ளே இருப்பவன் திருப்பித் தட்டவேண்டும். சும்மா நின்று சம்பளம் வாங்குகிற வேலை என்று மற்றவர்கள் அவரைக் கேலி செய்வார்கள். அவர் பதிலே பேசமாட்டார்.

ஆனால் கேம்ப் முழுக்க அவரைத் தெரிந்தது மேண்டலின்காரராகத்தான். கூட இரண்டு பேர். மணப்பாட்டு அருள்ராஜ் வயலின். கோயில் பாடகர் குழுவில் வாசித்த கை. கல்முனை லுக்மான் பேஞ்சோ, அதாவது டைப்ரைட்டர் போல கட்டைகள் வைத்த நம் ஊர்ப் பேஞ்சோ. மேளம் கிடையாது. நைட் டியூட்டி ஆட்கள் பகலில் தூங்குவதால், கேம்ப் பாஸ் "டோல் மாஃபி" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். கம்பி வாத்தியம் மட்டும்தான். மெஸ்ஸுக்குப் பின்னால், யாரும் தூங்காத பக்கத்தில், மரப் பேலட்டுகளை அடுக்கி அதன்மேல் பழைய சாரப் பலகைகளைப் பரப்பியிருந்தார்கள். அதில் ஆடுகிறவர்களின் கால்தான் தாளம்.

ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுதுவிட்டு நான் ஃபிளாஸ்க்கோடு போவதற்குள் பலகை நிறைந்துவிடும். நேபாளி, பெங்காலி, பஞ்சாபி, நம் ஆட்கள். லுக்மானின் இலங்கைப் பைலாப் பாட்டும் அருள்ராஜின் கோயில் திருவிழா மெட்டும் அம்மையப்பனின் கரகாட்ட மெட்டும் கலந்து ஒரு பெயரில்லாத பாட்டு ஓடும். கிரேன் ஓட்டுகிற தொந்திக்காரர் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுச் சுழன்று சுழன்று ஆடுவார். எனக்கே கால் துடிக்கும். ஹஜ்ஜுக்குப் போய்வந்த மனுஷன் ஆடலாமா என்று அடக்கிக்கொள்வேன்.

அந்த ஆட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு வரி முடிந்ததும் மூன்று வாத்தியமும் சட்டென்று நிற்கும். ஆடுகிறவர்கள் எல்லோரும் சேர்ந்து இரண்டு மிதி மிதிப்பார்கள். அதற்குப் 'பதில்' என்று பெயர். தட்டினால் திருப்பித் தட்டுவது பிளாண்ட்டில் வேலை செய்கிறவன் உடம்பில் ஊறிப்போனது இல்லையா, அதனால் புதிதாக வந்தவன்கூட முதல் நாளே கற்றுக்கொள்வான். அந்த இரண்டாவது மிதி விழுந்ததோ இல்லையோ, அம்மையப்பனின் மேண்டலின் அடுத்த வரிக்குள் பாய்ந்துவிடும். நியாயமாக ஒரு மூச்சு விடவேண்டிய இடத்தில் அவர் விடமாட்டார். அந்தப் பாய்ச்சல்தான் ஆட்டக்காரர்களைப் பித்துப் பிடிக்க வைத்தது. முதுகில் கைவைத்து யாரோ தள்ளுகிற மாதிரி இருக்கும். பக்கத்துக் கேம்ப்பிலிருந்து பஸ் பிடித்து ஆள் வந்ததே அதற்காகத்தான்.

மஃரிப் பாங்கு சொன்னால் வாத்தியம் நிற்கும். அப்போது அம்மையப்பன் செய்வதுதான் எனக்கு விளங்காமல் இருந்தது. பலகையில் எழுந்து நின்று தொம்தொம் என்று நடப்பார். பெட்டியை வேண்டுமென்றே அடித்து மூடுவார். என்ன மரியாதை கெட்ட மனுஷன் என்று மனதுக்குள் திட்டியிருக்கிறேன்.

சென்ற ஜனவரியில் ஒருநாள், பகல் முழுக்கப் பனிமூட்டம் விலகவே இல்லை. மெஸ்ஸின் சுவர் மட்டும்தான் தெரிந்தது, அதற்கு அப்பால் ஒன்றுமில்லை. அன்றும் ஆட்டம் நடந்தது. நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது மேண்டலினின் கம்பி அறுந்தது. வாத்தியங்கள் நின்றன. பழக்க தோஷத்தில் எல்லோரும் இரண்டு மிதி மிதித்தார்கள். மேண்டலின் பாயவில்லை.

அப்போது மூன்றாவது மிதி கேட்டது.

பலகையின் வலது ஓரத்திலிருந்து, தெளிவாக, முழுக் கனத்தோடு. நான் அந்த ஓரத்தில்தான் டீக் குவளைகளை வைத்திருந்தேன். குவளைகளில் டீ ஆடியது. அங்கே யாரும் நிற்கவில்லை. தொந்திக்காரர், "கோன் ஹை பாய்?" என்று, யாரப்பா அது என்கிற மாதிரி, சிரித்தார். சிலரும் சிரித்தார்கள், ஆனால் எல்லோரும் அந்த ஓரத்தை விட்டு நகர்ந்து நின்றதை நான் பார்த்தேன். அம்மையப்பன் அறுந்த கம்பியைக் கையில் பிடித்தபடி தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். அவர் மட்டும் திரும்பிப் பார்க்கவே இல்லை. பயந்தேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

மறுநாள் கடைக்கு வந்தார். மேஜையைத் தட்டவில்லை. அவராகவே ஆரம்பித்தார்.

"அது சேதுமாதவன் பாய்."

பல வருடங்களுக்கு முன், வேறொரு வளைகுடா நாட்டில், இதே வேலை. சேதுமாதவன் மார்த்தாண்டத்துக்காரன், தொட்டி சுத்தம் செய்கிறவன், அந்தக் கேம்ப்பில் அவனைப்போல ஆட ஆள் கிடையாது. அங்கேயும் அம்மையப்பன்தான் மேண்டலின். அந்த ஆட்டத்தில் 'பதில்' மூன்று மிதி. இங்கே வந்த பிறகுதான், தன் பேஞ்சோவுக்கு மூன்று ஒத்துவரவில்லை என்று லுக்மான் அதை இரண்டாக்கினான்.

"உள்ள போனா சேது மூணு தட்டுதான் தட்டுவான். ஆட்டத்துல மிதிக்கிற மாதிரியே. சட்டப்படி பேரச் சொல்லிக் கூப்புட்டுக் கேக்கணும் பாய். நான் கூப்புடல. மூணு தட்டு வருதுல்ல, அவனத் தவிர யாரு இப்படித் தட்டுவான்னு விட்டுட்டேன். அன்னைக்கும் தட்டுனேன், மூணு வந்துச்சு. திரும்பத் தட்டுனேன், மூணு வந்துச்சு. சாப்பாட்டு நேரம் வரைக்கும் வந்துக்கிட்டே இருந்துச்சு. மாத்து ஆளு உள்ள போயிப் பாத்தா அவன் விறைச்சுக் கெடக்கான். உசுரு போயி ரொம்ப நேரம் ஆச்சுன்னாரு டாக்டரு."

"அப்ப தட்டுனது யாரு?" என்றேன்.

"அதத்தான் எல்லாரும் கேட்டாங்க. நான் சொன்னத ஒருத்தரும் நம்பல. வாசல்லயே தூங்கிட்டான்னு முடிச்சுட்டாங்க. அவன் பொண்டாட்டி கனகா போன்ல கேட்டுச்சு பாய். திட்டல, அழுவல. 'அண்ணே, நீங்க தூங்கிட்டீங்களா?'ன்னு மட்டும் கேட்டுச்சு. நான் இன்னும் அதுக்குப் பதில் சொல்லல."

அதற்குப் பிறகு எங்கே போனாலும் ஆட்டம் நிற்கும் இடத்தில் அந்த மிதி வந்தது. அதைக் கேட்கப் பயந்துதான் மனுஷன் அப்படிப் பாய்ந்து பாய்ந்து வாசித்திருக்கிறார். பாங்கு நேரத்தில் தொம்தொம் என்று நடந்ததும் அதற்குத்தான். நாங்கள் எல்லோரும் அதை ரசித்துக் கைதட்டியிருக்கிறோம். ஆனால் ஒரு விஷயம் இடித்தது. பலகையில் மிதிப்பது சேது என்றே வைத்துக்கொள்வோம். சேதுவே செத்துக் கிடந்த அன்று, அவனுக்குப் பதிலாகத் தட்டியது யார்? அதை அவரிடம் மறுபடியும் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவரே வருடக்கணக்காக அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார் போலிருந்தது. சில சமயம், நிஜமாகவே தூங்கிவிட்டோமோ என்றுகூடத் தோன்றுகிறது என்றார்.

மார்ச்சில் அது நடந்தது. ஊருக்கு வெளியே, சின்ன ஒப்பந்தக்காரர் ஒருவரின் யார்டு. படுக்கை வாட்டத் தொட்டி ஒன்றைக் கழுவ அருள்ராஜ் உள்ளே போயிருந்தான். வயலின் கை என்றாலும் சோற்றுக்கு அந்த வேலைதான். வாசலில் அம்மையப்பன். லுக்மான் வெளியே கயிற்றுப் பக்கம் நின்றான். நடந்ததை எனக்குச் சொன்னவன் அவன்தான்.

இப்போதெல்லாம் அம்மையப்பன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுத்தான் தட்டுவார். உள்ளே காற்று ஊதுகிற புளோவரின் இரைச்சலில் திரும்பக் குரல் வராது, தட்டு வரும். அருள்ராஜ் எப்போதும் இரண்டு தட்டுவான். அன்று காலையிலும் இரண்டு, இரண்டு என்று வந்துகொண்டிருந்தது. சாப்பாட்டு வேளை நெருங்கும்போது அம்மையப்பன் தட்டினார்.

மூன்று வந்தது.

"காதர் நானா, அவர்ட முகம் அப்பிடியே வெளுத்துப் போச்சு" என்றான் லுக்மான். "நானும் கேட்டன். ஃபோர்மனும் கேட்டார். அவர் 'ஜவாப் ஆயா நா, பஸ்' எண்டு சொல்லிட்டுப் போகப் பார்த்தார். பதில் வந்திட்டுத்தானே, யாருக்கு என்ன சந்தேகம் வரும்? அம்மையப்பண்ணன் திரும்பவும் தட்டினார். திரும்பவும் மூண்டு."

பதில் வந்த பிறகு தொட்டி வாசலில் இருக்கும் ஆபத்து ஹார்னை அடித்தால் யார்டு முழுக்க வேலை நிற்கும். காரணம் கேட்பார்கள். இரண்டுக்குப் பதில் மூன்று வந்தது என்று எவனிடம் சொல்வது? முன்பே தூங்கினான் என்று பெயர் வாங்கியவர். பைத்தியம் என்று டிக்கெட் போட்டு ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அம்மையப்பன் யோசிக்கவில்லை. ஹார்னை அழுத்தினார். அழுத்திய கையை எடுக்கவே இல்லை. லுக்மான்தான் விரலைப் பிரித்து எடுத்தானாம்.

முகமூடி போட்டுக்கொண்டு மீட்பு ஆட்கள் உள்ளே போனார்கள். புளோவரின் காற்றுக் குழாய் ஒரு தகட்டின் விளிம்பில் மடங்கிக் கிடந்தது. கடைசித் தடுப்புக்குப் பின்னால் அருள்ராஜ் உதடு நீலமாகி, கை கால் அசையாமல் கிடந்தான். மூச்சு மட்டும் நூலிழையில் ஓடியது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் பிணத்தைத்தான் எடுத்திருப்போம் என்றார்களாம். அவனுடைய ஸ்பேனர் அவன் கையில் இல்லை. கை எட்டாத தூரத்தில், எதிர்ச் சுவரோரம் கிடந்தது.

மூன்றாம் நாள் பார்க்க விட்டார்கள். நானும் அம்மையப்பனும் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அருள்ராஜ் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். மூக்கில் குழாய். அம்மையப்பனைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டான். பிறகு அவனாகவே குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணே, சொன்னா சிரிக்கக் கூடாது. தல சுத்தி விழுந்துட்டேன். நீங்க தட்டுதது கேக்கு. பதில் தட்டணும்னு இருக்கு, கை வரமாட்டேங்கு. அப்ப ஒருத்தன் வந்து எங்கையில இருந்து ஸ்பேனர வாங்கிக்கிட்டாம்ணே. 'நீ உறங்குடே, நான் பதில் சொல்லுதேன்'னான். மார்த்தாண்டத்துப் பக்கம் பேசுத மாதிரி இருந்துச்சு. நல்ல மனுசன்தான்னு நெனச்சேன். நிம்மதியா கண்ண மூடிட்டேன்."

சேதுவைப் பற்றி அருள்ராஜுக்கு யாரும் சொன்னதில்லை. நான் சொல்லவில்லை, அம்மையப்பனும் சொல்லவில்லை.

அம்மையப்பன் கேட்டார். "அவன் மட்டுந்தானா?"

அருள்ராஜ் யோசித்தான். "இல்லண்ணே. அவனுக்குப் பின்னால இன்னொருத்தன் உக்காந்திருந்தான். நம்ம ஆளு கெடையாது, வயசானவன். என்னமோ பாஷையில முனங்கிக்கிட்டு, அவனும் அந்த ஸ்பேனருக்குக் கைய நீட்டினான். அவனுக்கும் பின்னால இருட்டா இருந்துச்சு. நான் பாக்கல."

வெளியே வராந்தாவில் அம்மையப்பன் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து அழுதார். நான் தோளைப் பிடித்துக்கொண்டேன். "அன்னைக்குப் பதில் வந்துச்சு பாய். சேதுவுக்குப் பதிலா யாரோ தட்டுனாங்க. நான் தூங்கல" என்றார். "இல்ல, நீங்க தூங்கல" என்றேன். அதைச் சொல்ல இத்தனை வருடமாக அவருக்கு ஒரு ஆள் கிடைக்கவில்லையே என்று எனக்கும் கண் கலங்கியது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். கனகாவின் நம்பர். அவர் தேடவே இல்லை, விரல் தானாகப் போனது. "கூப்பிடுங்க, இப்பவாவது சொல்லிடுங்க" என்று நானும் அவசரப்படுத்தினேன். திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நேரம் ஆக ஆக அவர் முகம் மாறியது.

"என்னன்னு சொல்லுவேன் பாய்? உம் புருஷன் இன்னும் வெளிய வரல, உள்ளயேதான் இருக்கான், யாரு தட்டுனாலும் பதில் சொல்லிக்கிட்டு இருக்கான்னா?"

அவர் போனை அணைத்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"வேணாம் பாய். நான் தூங்குனதாவே இருக்கட்டும்."