மலை முகாமின் பேச்சுப் பயிற்சியாளர்

படைமுகாமின் குடும்பநலப் பிரிவில் பதினான்கு ஆண்டுகளாக எழுத்தர் வேலை பார்க்கும் அம்மாளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருக்கிறது. மற்றபடி எல்லோருக்கும் அவர் போன் அக்கா. ரிசீவரைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கியபடியே முத்திரை குத்துவார், டீ குடிப்பார், அவசரத்துக்குத் தும்மவும் செய்வார்.

காகிதத்தில் பார்த்தால் அவர் வேலை மிக எளிது. சிப்பாய்க்கு இடமாற்றம் வருகிறது. அவர் பிள்ளைக்குத் தனி மருத்துவமோ தனிப் பள்ளியோ தேவையென்றால், போகிற இடத்தில் அது இருக்கிறதா என்று வசதிப் பட்டியலில் பார்க்க வேண்டும். 'உண்டு' என்றிருந்தால் குடும்பம் மூட்டை கட்டலாம். 'இல்லை' என்றிருந்தால் இடமாற்றம் ரத்து. எண்பத்து நான்கு முகாம்கள் கொண்ட அந்தப் பட்டியலில் 'இல்லை' என்ற சொல்லே கிடையாது. நம் படை அவ்வளவு முன்னேறிவிட்டதா என்று யாரும் அவசரப்பட்டுக் கைதட்ட வேண்டாம். இருபது ஆண்டுகளுக்கு முன் பட்டியல் தயாரித்தபோது ஒரு சுற்றறிக்கை போனது. 'இல்லை' என்று எழுதுகிறவர்கள் காரணத்தை மூன்று பிரதிகளில் விளக்க வேண்டுமாம். 'உண்டு' என்பதற்கு விளக்கம் தேவையில்லை. ஒரே வாரத்தில் எண்பத்து நான்கு முகாம்களிலும் சகல வசதிகளும் வந்து இறங்கிவிட்டன.

அக்காவின் கணவரும் படையில் இருந்தவர்தான். காது கேளாத மகனோடு ஒரு 'உண்டு' ஊருக்குப் போய் இறங்கினால், தனிப் பள்ளி இருக்க வேண்டிய இடத்தில் டயர் கிடங்கு இருந்தது. பையனுக்கு ஒன்றரை வருடப் படிப்பு போயிற்று. பிறகு இந்த நாற்காலிக்கு வந்த அக்கா, பட்டியலை நம்பாமல், இடமாற்றம் வரும்போதெல்லாம் அந்தந்த முகாமுக்குப் போன் போட்டு, தெரிந்ததை ஓரத்தில் பென்சிலால் குறித்து வைத்தார். 'டாக்டர் ஓய்வு பெற்று எட்டு வருடம்.' 'பள்ளி இப்போது சமையல்கூடம்.' 'ஆலோசகர் என்று போனை எடுத்தவர் என்னையே ஆலோசனை கேட்டார்.' பேனாவால் திருத்தும் அதிகாரம் ஐவர் குழு ஒன்றுக்கு மட்டுமே இருந்தது. ஐவருக்கும் இடமாற்றம் ஆகிவிட்டதால் குழு கூடவில்லை.

சென்ற மாதம் ஒரு லாரி டிரைவரின் மனைவி, ஐந்து வயது மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். குழந்தைக்குப் பேச்சு வரவில்லை. பயிற்சி மையத்துக்கு வாரம் மூன்று நாள் போய், இரண்டு வருடத்தில் பதினாலு வார்த்தை சேர்த்திருந்தாள். பத்து நாளில் மலை முகாமுக்குக் கிளம்பும்படி உத்தரவு.

"நடுவுல விட்டா இருக்கிறதும் போயிடும்னு டீச்சர் சொல்றாங்கக்கா."

பட்டியலில் மலை முகாமுக்கு நேரே பேச்சுப் பயிற்சியாளர் உண்டு என்றிருந்தது. தொலைபேசி எண்ணும் இருந்தது. பென்சில் குறிப்பு மட்டும் இன்னும் ஏறவில்லை. அக்கா சுழற்றினார்.

"பேச்சுப் பயிற்சியாளருங்களா?"

மறுமுனையில் ஒரு வயதான ஆண் குரல். "யாரும்மா நீங்க? இருபது வருஷமா யாருமே கேட்கலையே."

"அப்ப நீங்கதானா?"

"நான் கோவேறு கழுதைக்கு வைத்தியம் பாக்கிறவன்மா. பட்டியல்ல ஒரு ஆள் பேர் போடணும்னாங்க. எனக்குக் கையெழுத்து நல்லா இருக்கும், என் பேரைப் போட்டுட்டாங்க."

அவரை மட்டும் எங்கும் மாற்றவில்லை. கழுதைகள் வேறு யாரையும் கிட்டே விடுவதில்லையாம்.

அக்கா மேஜரிடம் போனார். வந்து மூன்று மாதமே ஆனவர். முந்தைய மேஜர்களை அக்கா கெஞ்சியும் நச்சரித்தும் வழிக்குக் கொண்டுவந்திருந்தார். இவர் விதிப்புத்தகம் தவிர வேறெதற்கும் மசியாதவர்.

"உண்டுன்னு தெளிவா இருக்கேம்மா. எதை வெச்சு ரத்து பண்றது? உங்க பென்சிலை வெச்சா?"

"விதி பன்னிரண்டு சார். குழந்தையை ஏத்துக்கிறாரா இல்லையான்னு அந்தப் பயிற்சியாளரே கையெழுத்துப் போட்ட ஏற்புப் படிவம் வேணும்."

"அப்படி ஒரு படிவம் இருக்கா?"

"அச்சடிச்சு வந்த கட்டை இன்னும் பிரிக்கலை சார்."

மேஜர் புத்தகத்தைப் புரட்டினார். விதி இருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் படிவம் வந்தாக வேண்டும், வராவிட்டால் குடும்பம் கிளம்ப வேண்டியதுதான் என்றார்.

படிவம் ஃபேக்ஸில் போயிற்று, திரும்பி வரவில்லை. வெள்ளி காலை அக்கா மறுபடி போன் போட்டார். டிரைவரின் மனைவி பக்கத்திலேயே நின்றார்.

"ஏத்துக்கிறேன்னு போட்டா பொய்மா. இல்லைன்னு போட்டா இத்தனை வருஷம் ஏன்யா சும்மா இருந்தேன்னு கேப்பாங்க. ஓய்வு பெற ஏழு மாசம்தான் இருக்கு. என்னை விட்டுடுங்க."

டிரைவரின் மனைவி ரிசீவரை வாங்கினார். "அண்ணே, என் பொண்ணு உங்ககிட்டதான் வரப்போறா. புதன்கிழமை சாமான் ஏத்துறோம். என்ன சொல்லித் தருவீங்க?"

மறுமுனையில் ஏதோ கனைத்தது. வைத்தியரா, நோயாளியா என்று தெரியவில்லை.

"கையெழுத்துப் போடறேன் தங்கச்சி. காரணம்தான் எப்படி எழுதறதுன்னு தெரியலை."

ரிசீவர் அக்காவிடம் வந்தது. "பேனா எடுங்க, நான் சொல்றேன். 'இங்கே பேச்சுப் பயிற்சியாளர் இல்லை. காரணம், இதுவரை யாரும் நியமிக்கப்படவில்லை.' எழுதிட்டீங்களா?"

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாங்க."

"இதுக்கா இத்தனை வருஷம் பயந்தேன்!"

மதியம் ஒன்றரைக்குப் படிவம் வந்தது. கையெழுத்து உண்மையிலேயே அழகாக இருந்தது. மேஜர் அதை இரண்டு முறை படித்தார், பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார்.

"இவர் நிஜமாவே இல்லைன்னு எழுதியிருக்காரே!"

"ஆமா சார்."

இடமாற்றம் ரத்து என்று எழுதிக் கையொப்பமிட்டார். மலை முகாமுக்குக் கல்யாணமாகாத வேறொரு டிரைவர் போனார். அவருக்கும் கழுதைகளுக்கும் ஒத்துப்போகிறது என்று கேள்வி.

டிரைவரின் மனைவி கட்டிய மூட்டைகளைப் பிரித்து, பாத்திரங்களை மறுபடி அலமாரியில் ஏற்றினார். திங்கட்கிழமை பயிற்சி மையத்தில் மகள் மேசைக்கு அடியில் புகுந்துகொண்டு ஒரு வார்த்தையும் பேச மறுத்தாள். டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தானும் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்தார்.