அரை விரற்கடை உயரம்

என் அக்காள் புருஷன் மத்தியாஸ் அதிகம் பேச மாட்டார். ஆனால் எதையாவது கோணலாகக் கண்டுவிட்டால் அவரால் சும்மா இருக்க முடியாது. கோயிலில் பூசை நடக்கும்போதுகூட, மாதா சுரூபம் வைத்த பலகை இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது என்று என் காதில் ஓதுவார். சாமியாரின் முறைப்பு என் மேல்தான் விழும். அந்த மனுஷனைப் பற்றி எழுத எனக்குப் பெருமையாக இருக்கிறது. அதை மறைக்கப் போவதில்லை.

இலங்கை மலைநாட்டில், வட்டகொடைக்கு மேலே இருந்த எங்கள் தோட்டத்தில் நான் பள்ளிக்கூட வாத்தியார். மச்சான் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், உதவி ஃபிட்டர். அக்காள் ஜோசப்பின் கொழுந்து பறிப்பவள். 1956இல் ஹெட் ஃபிட்டர் ஓய்வு பெற்றுப் போனார். பதினான்கு வருஷம் உதவியாளாகவே கிடந்த மச்சானுக்குத்தான் அந்த இடம் என்று நாங்கள் நினைத்தோம். தோட்டத்து மேனேஜரான பெரிய துரையோ கொழும்பிலிருந்து படித்த ஆளைக் கொண்டுவர யோசித்துக்கொண்டிருந்தார்.

துரையிடம் யுத்தத்துக்கு முந்திய கார் ஒன்று இருந்தது. இரண்டே கதவு, பின்பக்கம் சரிந்திறங்கும் கூரை, கரும்பச்சை நிறம். பார்த்தால் கண்ணெடுக்க மனம் வராது, ஏறினால் இடுப்பு கழன்றுவிடும். ஸ்பிரிங் பட்டைகள் களைத்துப்போய்ப் பின்பக்கம் தொங்கிக் கிடந்தது. சித்திரை சீசனுக்கு அந்தக் காரில்தான் நுவரெலியா போவது என்று துரை பிடிவாதமாக இருந்தார். துரைசாணி அதில் ஏறவே மறுத்துவிட்டார். துரை மச்சானைக் கூப்பிட்டு அனுப்பினார். அவருக்கு அதட்டுகிற தமிழ் மட்டுந்தான் வரும்.

"நான், துரைசாணி, பெட்டி, எல்லாம் ஏறினா கார் நேரா நிக்கணும். குலுங்கக் கூடாது. நூல் புடிச்சுப் பாப்பேன். நேரா நின்னா நீ ஹெட் ஃபிட்டர். இல்லாட்டி கொழும்பு ஆள்."

மூன்று வாரம் மச்சான் அந்தக் காருக்கு அடியிலேயே குடித்தனம் நடத்தினார். பட்டைகளைக் கழற்றி, உலையில் காய்ச்சி, புதிதாக வளைத்து, எண்ணெயில் தோய்த்து எடுத்தார். பழைய லொறிப் பட்டையை அறுத்து ஒன்று கூடுதலாகச் சேர்த்தார். குலுக்கத்தை அடக்குவதற்குத் துரை கொழும்பிலிருந்து தருவித்த எண்ணெய் ஷாக் அப்சோபர்களைப் பூட்டினார். கடைசியில் கனம் ஏற்றிப் பார்க்கும் வேலைதான் பாக்கி.

துரையையும் துரைசாணியையும் நாள் முழுக்கக் காருக்குள் உட்கார்த்தி வைக்க முடியுமா? அதனால் இருவரையும் பெட்டியோடு ஸ்டோர்த் தராசில் ஒருமுறை நிறுத்துக்கொண்டார். முன்னூற்றுப் பன்னிரண்டு றாத்தல். அந்தக் கனத்துக்கு அவர் தேர்ந்தெடுத்தது கொழுந்து மூடைகளை. இரும்பு ஓரிடத்தில் குத்தி நிற்கும், கொழுந்து மூடை ஆள் மாதிரி அமர்ந்துகொள்ளும் என்பது அவர் நியாயம்.

மடுவத்தில், கொழுந்து நிறுக்கிற இடத்தில், அக்காளும் அவளோடு ஒரே செடிவரிசையில் நிரை பிடிக்கும் ஐந்து பெண்களும் பறித்ததைத் தனித்தனி மூடையாக வாங்கினார். ஆளுக்கு ஐம்பது றாத்தல் என்று கணக்கப்பிள்ளை முத்துலிங்கம் துண்டுச்சீட்டு எழுதியிருந்தார். சாக்குக்கும் ஈரத்துக்கும் ஆளுக்கு இரண்டு றாத்தல் வெட்டுவது தோட்டத்துச் சட்டம். அதையும் கூட்டினால் சொல்லிவைத்தாற்போல் முன்னூற்றுப் பன்னிரண்டு. நிறுத்த கொழுந்தை மறுபடி நிறுப்பானேன் என்று அப்படியே காரில் ஏற்றினார். எவ்வளவு அமுங்குகிறது என்று அளந்து, அதற்கேற்பப் பட்டைகளை வளைத்து முடித்தார்.

துரை நூல் பிடித்த நாளில் ஸ்டோர் ஆட்களும் நானும் வாசலில் நின்றோம். துரையும் துரைசாணியும் ஏறினார்கள், பெட்டியும் ஏறியது. ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் முன் மட்கார்டிலிருந்து பின் மட்கார்டு வரை நூலை மட்டமாக இழுத்துப் பிடித்தார். பின்பக்கம் அரை விரற்கடை தூக்கிக்கொண்டு நின்றது. என் கண்ணுக்கு அது தெரியவே இல்லை. மச்சானின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

"கோணல்," என்றார் துரை. "ரெண்டு நாள் தர்றேன்."

அன்று முழுக்க மச்சான் பட்டைகளைக் கழற்றி, பலகையில் வரைந்திருந்த அளவோடு வைத்து வைத்துப் பார்த்தார். மயிரிழை பிசகவில்லை. பொழுது சாய லயத்து வீட்டுக்கு வந்தவர், ஊற்றி வைத்த தேத்தண்ணியைத் தொடவில்லை.

"பட்டை சரி, அளவு சரி. பெறகு எங்கதான் பிழை?"

அக்காள் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். "மூடையில எத்தன றாத்தல் இருந்திச்சுங்க?"

"அம்பத்திரெண்டு."

"யாரு சொன்னா?"

"துண்டுல எழுதியிருக்கே."

அக்காள் திரும்பினாள். "அறுவதுக்குக் கொறையாது. ரெண்டு வெட்டுற எடத்துல கணக்கப்பிள்ளை பத்து வெட்டுறாரு. ரெண்டு வருஷமாச் சொல்லிக்கிட்டுத்தானே இருக்கோம்? சொமக்கிறவளுக்குத் தெரியாதா கனம்? ஒங்களுக்குத் துண்டுதான் பெருசு."

மச்சானுக்குச் சுருக்கென்றது. எனக்கும் சேர்த்துத்தான். தராசில் நிறுத்ததை எப்படிக்கா மாற்றி எழுத முடியும் என்று அவளிடம் மேதாவி மாதிரி கேட்டவன் நான்தான்.

அப்போது நான் ஒன்று சொன்னேன். இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. "மச்சான், அந்த அரை விரற்கடைய எறக்கிட்டு வேலைய வாங்கிக்கங்க. கணக்கப்பிள்ளைய அப்புறம் பாத்துக்கலாம்."

"கோணல் கார்ல இல்லயே வாத்தியாரே," என்றார்.

மூன்றாம் நாள் துரை வந்தபோது கார் இருந்தபடியே இருந்தது. ஒரு பட்டையின் வளைவையும் மச்சான் மாற்றியிருக்கவில்லை. பக்கத்தில் அதே ஆறு பெண்களின் அன்றைய கொழுந்து ஆறு மூடைகளாக, ஒவ்வொன்றிலும் ஐம்பது என்ற துண்டோடு கிடந்தது. கணக்கப்பிள்ளையும் வந்திருந்தார். மச்சான் மூடைகளைக் காரில் ஏற்றி நூலைப் பிடித்தார். கார் நேராக நின்றது. மூடைகளை இறக்கிவிட்டுத் துரையையும் துரைசாணியையும் பெட்டியோடு ஏறச் சொன்னார். அரை விரற்கடை தூக்கியது.

"தொர," என்றார். "துண்டுப்படி ரெண்டும் ஒரே கனந்தான். காருக்கு அப்படித் தெரியல. மூடைய ஸ்டோர்த் தராசுல போட்டுப் பாருங்க."

"தன் பிழைய மறைக்கப் பாக்குறான், தொர," என்றார் முத்துலிங்கம்.

துரை முதல் மூடையைத் தராசில் போடச் செய்தார். அறுபது. அடுத்தது அறுபத்தொன்று. மற்ற நான்கும் அதையொட்டியே வந்தன.

"ஈரம், தொர," என்றார் கணக்கப்பிள்ளை.

துரை மூடைக்குள் கையை விட்டு ஒரு பிடி கொழுந்தை எடுத்துக் கசக்கினார். நான்கு நாளாக மழையே இல்லை. உள்ளங்கை காய்ந்தே இருந்தது. அந்தக் கையை அவர் முத்துலிங்கத்தின் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினார். வெட்டிய றாத்தலையெல்லாம் பெரட்டுக்கே, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கே, வராத தன் சொந்தக்காரர்கள் பேரில் கணக்கப்பிள்ளை எழுதிவந்தது பிறகு வெளியே வந்தது. அதனால்தான் ஸ்டோருக்கு வரும் மொத்த எடை என்றைக்கும் இடிக்கவில்லை. அந்த வாரமே அவர் பெட்டியைக் கட்டினார்.

துரை மச்சானைப் பாராட்டினார் என்று எழுத ஆசைதான், ஆனால் பொய்யாகிவிடும். "பட்டைய எறக்கு, ஹெட் ஃபிட்டர்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். மச்சான் இறக்கினார். சித்திரையில் கார் நுவரெலியா ஏறியது. துரைசாணி வழி நெடுகத் தூங்கிக்கொண்டு போனாராம்.

அதற்கு முன்னால், முத்துலிங்கம் போன மறு திங்கட்கிழமை மடுவத்தில் புதுக் கணக்கப்பிள்ளை அக்காளின் கொழுந்தை நிறுத்து, இரண்டு வெட்டி, ஐம்பத்தெட்டு என்று எழுதினார். அவளுக்குப் பின்னால் நின்ற, அந்த ஆறு பேரில் ஒருத்தியான அம்மாக்கண்ணு அதை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். அன்று வேலை விட்டதும் ஆறு பெண்களும் கூடையோடு ஸ்டோர் வாசலுக்கு வந்து அந்தக் காரைச் சுற்றி நின்றார்கள்.

அக்காள் பின் சக்கரத்துக்கு மேலே மெதுவாகத் தடவினாள். "எங்க பேச்ச நம்புன மொத ஆளு இதுதான்," என்றாள்.

மச்சான் கந்தலில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "ரெண்டாவது ஆளு நான்தான் ஜோசப்பின்," என்றார். "ரெண்டு வருஷம் பிந்திட்டேன்."